சுத்தியல் போட்ட சோதனை

பிள்ளைகளே, காந்தல் என்ற ஊரில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரரைச் சந்தித்தேன். தடித்த கழுத்து, புருவத்தில் தீப்பொறி சுட்ட வடு. ரிமோட்டில் பாறை ஏறும் குட்டி லாரிகளைச் செய்து தருவார், பழுதும் பார்ப்பார். யார் வண்டி கொண்டுவந்தாலும் முதலில் சுத்தியலால் ஓங்கி அடித்துப் பார்ப்பது அவர் வழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவலாஞ்சிப் பக்கம் இந்தக் குட்டி லாரிகளுக்குப் பாறை ஏறும் போட்டி. என் மகளும் நானும் மூன்று மாதம் பாடுபட்டுச் செய்த வண்டியை அவரிடம் காட்டப் போனோம். ஒரே அடிதான். முன் அச்சு முறிந்து, சக்கரம் தெறித்துச் சுவரில் மோதியது.

"ஏனுங்க, இப்படிப் பண்ணிப்போட்டீங்க!" என்று கத்தினேன்.

"பிளாஸ்டிக் அச்சுங்க. பாறையில உடையறது இங்கயே உடையட்டுமுங்க. இரும்புல போட்டுத் தாரேன்."

மகள் அழவில்லை. சுத்தியலைப் பிடுங்கினாள்.

"உங்க வண்டியையும் பாத்துரலாமுங்களா?"

அதே போட்டிக்கென்று அலமாரியில் துணி போர்த்தி வைத்திருந்த அவருடைய வண்டியைத் தரையில் இழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் அடித்தாள். அதன் அச்சும் முறிந்தது.

அவர் கையை ஓங்கினார். நான் குறுக்கே பாய்ந்தேன். ஓங்கிய கை அப்படியே இறங்கியது.

"அதை மட்டும் நான் அடிச்சே பாக்கலீங்க" என்றார்.

சொன்னபடி எங்களுக்கு இரும்பு அச்சு போட்டுத் தந்தார். ஞாயிறன்று எங்கள் வண்டி உச்சிவரை ஏறியது. அவர் வண்டியில்லாமல் வெறுங்கையோடு வந்திருந்தார். மகள் மன்னிப்புக் கேட்டாள்.

"நல்ல அடி, கண்ணு" என்றார்.

பாராட்டினாரா, நொந்துகொண்டாரா, எனக்கு இன்றும் தெரியவில்லை. அப்போது அவர் கை, சட்டைப் பையிலிருந்த, தன் வண்டியின் முறிந்த அச்சைத் தடவிக்கொண்டிருந்தது.