கெட்ரஸ் மனந்திரும்பவில்லை

பேராய வளாகத்து ஆவணக் காப்பகத்தில் ‘அமைதி’ என்று எழுதி ஒட்டியவள் கெட்ரஸ். அந்த அறையில் உரக்கப் பேசுகிற ஒரே ஆளும் அவள்தான். நான் யூனியா. எதிரே சிற்றுண்டிச்சாலை நடத்துகிறேன். காலையில் தேநீர், மதியம் கிழங்கும் அவரையும், நாலு மணிக்குச் சோளக்கூழ். போதை ஏறுகிற கூழ் கிடையாது. என்னிடம் சாப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் பாவத்தையும் குடியையும் விட்டு இரட்சிக்கப்பட்டவர்கள். நான் இல்லை. அது ஊருக்கே தெரியும், ஆனாலும் கெட்ரஸ் தினமும் கேட்டுப் பார்ப்பாள்.

“இன்னிக்காவது மனந்திரும்புறியா யூனியா?”

“உனக்கு டீ வேணுமா, என் ஆத்துமா வேணுமா? ஒண்ணு சொல்லு.”

“டீ குடு. ஆத்துமா எங்க ஓடிடப் போவுது.”

கெட்ரஸ் தலைநகர் கம்பாலாவில் படித்தவள். அங்கேயே பெரிய காப்பகத்தில் வேலையும் கிடைத்தது. சில வருஷம் பார்த்துவிட்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கள் மலையூர் கபாலேக்கே திரும்பிவிட்டாள். ஏன் என்று கேட்டால், “அங்க இருக்கிறதெல்லாம் வெள்ளைக்காரன் நம்மளப் பத்தி எழுதினது. நம்ம ஆளுங்க தன்னைப் பத்தித் தானே சொன்னது இங்க மாட்டுக் கொட்டாயில கெடக்கு” என்பாள். கால்நடை மருத்துவ உதவியாளர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அதிகம் பேசாத மனுஷன். அவருக்கு வாய்ப்புக் கிடைத்ததில்லை என்று நான் சொல்லுவேன், அவரும் தலையாட்டுவார்.

எங்கள் மலைகளில் எழுப்புதல் என்கிற பக்தி இயக்கம் தீப்போலப் பரவிய காலத்தில் ஒவ்வொரு மலைக்கும் ஐக்கியம் என்று ஒரு விசுவாசிகள் கூட்டம் இருந்தது. வாரம் ஒருமுறை கூடுவார்கள், ஒவ்வொருவராக எழுந்து தான் செய்த தப்பைச் சபை நடுவே சொல்லுவார்கள். எழுதத் தெரிந்த ஒருவர் அதை எழுதிவைப்பார். அந்தத் தாள்களைத் தேடித்தான் கெட்ரஸ் மலை மலையாக ஏறி இறங்கினாள். போன வீட்டில் கிழங்கு உரிப்பாள், பீன்ஸ் உடைப்பாள், அவர்கள் சாட்சி சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டாள். அவள் குறுக்கே பேசாத இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

காப்பகத்துக்கே வந்து தாள் கொடுப்பவர்களும் உண்டு. ஒருமுறை ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் பழைய கடிதங்களைக் கொடுக்க வந்தார். வந்தவர், படிக்கும் அறை நடுவில் நின்று, வேலையில் இருந்தபோது யாரை எல்லாம் அடித்தார் என்று சத்தமாக அறிக்கையிட ஆரம்பித்துவிட்டார். ஐரோப்பாவிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த பெண் மேஜைக்கடியில் போகாத குறை. கெட்ரஸ் எழுந்து நின்று கேட்டாள், முடிந்ததும் பாட்டு ஒன்றைத் தொடங்கினாள், பிறகு ரசீது எழுதினாள். வளாகத்தில் ஒரு மாதம் அதுவே பேச்சு.

அவளுக்கு வம்பு வந்தது ஒரு அலமாரியால். எழுப்புதல்காரர்களுக்குள் எப்போதோ பிளவு வந்து ஒரு கூட்டம் பிரிந்து போயிருந்தது. பிரிந்து போனவர்களின் தாள்கள் கிடைத்தபோது கெட்ரஸ் அவற்றையும் வாங்கி, மற்றவர்கள் தாள்களுக்குப் பக்கத்திலேயே அடுக்கினாள். “ஒரே மலை, ஒரே வருஷம், பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கணும்” என்றாள். செய்தி கிஹும்பா மலைக்குப் போய்ச் சேர்ந்தது.

கிஹும்பா ஐக்கியத்திடம் ஒரு தகரப்பெட்டி நிறையத் தாள்கள் இருந்தன. அவள் வருஷக்கணக்காகக் கேட்டு, அவர்களும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இப்போது அந்த ஐக்கியத்தின் மூப்பர் பெசிகொம்வே கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் சிற்றுண்டிச்சாலைக்கே வந்துவிட்டார். கெட்ரஸ் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

“சகோதரி, நமக்கு நடுவுல ஒண்ணு நிக்குது. அந்த ஓடிப்போன கூட்டத்தை எங்க பக்கத்துல உக்கார வச்சிட்டே. மனசுல ஒண்ண வச்சிக்கிட்டுக் கையால ஒண்ணக் குடுக்கிற வழக்கம் எங்ககிட்ட இல்ல. ஞாயித்துக்கிழமை வா. சபை நடுவுல மனந்திரும்பு. பெட்டிய எடுத்துட்டுப் போ.”

“இல்லாட்டி?”

“மன்னிச்ச பாவத்துக்குக் காயிதம் எதுக்கு? எரிச்சிடுவோம்.”

அவர் மிரட்டவில்லை. அவருக்கு அது நியாயமாகவே பட்டது. எனக்கு அப்படிப் படவில்லை. நானும் கிஹும்பாவில் பிறந்தவள். என் அம்மா அந்த ஐக்கியத்தில் இருந்தவள். அந்தக் காலத்துப் பெண்கள் பேசிய பேச்சு வேறு எங்கே இருக்கிறது? அரசாங்கப் பதிவில் தேடினால் அப்பன் பெயர் இருக்கும், புருஷன் பெயர் இருக்கும். அவர்கள் செய்த தப்பு ஒன்றைத்தான் அவர்கள் வாயால் கேட்டு யாரோ எழுதிவைத்தார்கள். அதையும் எரித்துவிட்டால் அவர்கள் வாய் திறந்ததற்கே சாட்சி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை துணைக்கு வா என்றாள் கெட்ரஸ். கடையைச் சாத்திவிட்டுப் போனேன். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது, அவள் ஆடு போல ஏறினாள்.

“ஒரு வார்த்தை சொல்லிடேன் கெட்ரஸ். வாயா தேஞ்சிடும்?”

“தேடிப் பாக்கிறேன். இருந்தாச் சொல்றேன்.”

“எத?”

“மனஸ்தாபத்த, செஞ்சது தப்புன்னு உறுத்துறத. அஞ்சு நாளா உள்ள தேடுறேன், காணோம்.”

யூகலிப்டஸ் மரங்களுக்கடியில் ஐக்கியம் கூடியிருந்தது. நடுவில் பெட்டி. பக்கத்தில் சுள்ளிகளை அடுக்கித் தயாராக வைத்திருந்தார்கள். செயலாளர் சபுலோனி முழங்காலில் நோட்டை விரித்துவைத்துக்கொண்டு பேனாவின் மூடியைக் கழற்றினார். பாட்டு முடிந்ததும் கெட்ரஸ் எழுந்தாள்.

“என்கிட்ட மனஸ்தாபம் இல்ல. இருக்கிற மாதிரி சொல்லலாம். சொன்னா சபுலோனி எழுதுவாரு. எழுதினது இந்தப் பெட்டிக்குள்ள போகும். பெட்டி என்கிட்ட வரும். அப்ப என் கையாலயே ஒரு பொய்த்தாள உள்ள சேத்தவளா ஆயிடுவேன். அதுக்கப்புறம் மத்த தாளெல்லாம் நெசம்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லுவேன்? என்னால முடியாது. பெட்டி உங்களுது. எரிக்கிறதும் உங்க இஷ்டம்.”

உட்கார்ந்துவிட்டாள்.  சபுலோனி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“என்னம்மா எழுதறது?”

“சொன்னதை எழுதுங்க.”

அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: “சகோதரி கெட்ரஸ் வந்தார். மனந்திரும்பவில்லை.” பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமினார்கள்.

பெசிகொம்வே சிரிக்கவில்லை. தீ மூட்டச் சொன்னார். அவளைக் கிள்ளிவிடலாமா என்றிருந்தது எனக்கு. இவ்வளவு தூரம் ஏறிவந்து, நிஜத்தைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகப் போகிறாளே!

அப்போது மிராபு கையைத் தூக்கினாள். ஐக்கியத்திலேயே மூத்தவள், பல் கிடையாது, பயமும் கிடையாது.

“இருங்கப்பா. நான் புகையிலைக் குழாய விட்டப்ப நீங்க சும்மாவா பிடுங்கி எரிச்சீங்க? எந்திரிச்சு நின்னு, இது என்னுது, நானே தர்றேன்னு சொல்ல வச்சீங்க. அதானே மொறை? தாயத்தோ, குழாயோ, உடையவன் குடுத்தாத்தானே நெருப்புக்குப் போவும்? இப்ப இந்தத் தாளுக்கெல்லாம் உடையவங்க யாரு? படிக்கட்டும். அவங்கவங்க எந்திரிச்சுக் குடுக்கட்டும்.”

 அவர்களே போட்ட முறை அது. சபுலோனி பெட்டியைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். மேலிருந்ததே மிராபுவினுடையது. மாமியார் ஒளித்துவைத்த உப்பைத் தின்றுவிட்டு, பழியை ஆட்டின்மேல் போட்டது. கூட்டமே சிரித்தது. ஆட்டை என்ன செய்தார்கள் என்று ஒருவர் கேட்டார். வெட்டிவிட்டார்களாம். சிரிப்பு இன்னும் கூடியது.

“குடுக்கிறீங்களா?”

“என்னுது. குடுக்கிறேன்” என்று மிராபு தானே வாங்கி நெருப்பில் போட்டாள். கெட்ரஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

அடுத்த தாள்.

“கமுகாஷாவின் மனைவி ஏரினா” என்று படித்தார் சபுலோனி.

என் அம்மா.

“புருஷன் குடித்துவிட்டு வந்த கோபத்தில் என் சின்ன மகளை அகப்பையால் அடித்தேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. கர்த்தர் என் கையைக் காட்டினார். மறுநாள் மகள் முன்னால் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. விளையாட்டு என்று நினைத்து அவளும் முழங்கால் போட்டாள்.”

எனக்கு அடியும் ஞாபகமில்லை, மன்னிப்பும் ஞாபகமில்லை. அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இறுகிய வாயும் இருமலும்தான். என்மேல் பிரியமில்லாதவள் என்றே இத்தனை வருஷமும் எண்ணியிருந்தேன்.  அந்தக் கூட்டத்தின் நடுவே, வெட்கமே இல்லாமல், ஓவென்று அழுதேன்.

“உடையவ இல்ல. பிள்ளைங்க யாராச்சும் இருக்கீங்களா?” என்றார் சபுலோனி.

எழுந்தேன். 

“நான் மக. தரமாட்டேன்.”

“நீ இரட்சிக்கப்படாதவ. உனக்கு இங்க பேச்சு கிடையாது” என்றார் பெசிகொம்வே.

“இவ அம்மாவுக்கு இருந்துச்சு” என்றாள் மிராபு. “அந்தப் பேச்சைத்தானே இவ கேக்கிறா.”

தாளை என் கையில் கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய் கெட்ரஸின் மடியில் வைத்தேன். அவளும் அழுதுகொண்டிருந்தாள், அந்தப் பெருங்குரல்காரி, சத்தமே இல்லாமல்.

சபுலோனி அடுத்ததை எடுத்தார். பெயரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். படிக்காமல் பெசிகொம்வேயிடம் நீட்டினார். போன மழைக்காலத்தில் அடக்கம்பண்ணிய அவர் மனைவியுடையது. எல்லோருக்கும் அது புரிந்துவிட்டது, யாரும் கேட்கவில்லை.

கிழவர் உதடசையப் படித்தார். மறுபடியும் படித்தார். நெருப்பு நன்றாகப் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. அவர் தாளை மடித்தார், பெட்டிக்குள் வைத்தார், மூடியைச் சாத்தினார்.

 அவர் கெட்ரஸ் பக்கம் திரும்பினார்.

“அந்த ஓடிப்போனவங்க பக்கத்துலயா வைப்பே?”

இப்போதாவது இல்லை என்று சொல்லித் தொலையேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

“அதே அலமாரிதான், பெரியவரே.”

அவர் குனிந்து பெட்டியின் ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தார்.

“தெரியும். அந்தப் பக்கம் தூக்கு.”