மைதீன் அண்ணாச்சி எழுதிக் கொடுத்த விளக்கக் கடிதம்

போன வாரம் மைதீன் அண்ணாச்சியின் மகன் காதர் கைபேசியில் அழைத்து, "மாமா, வாப்பா மௌத்தாயிட்டாக" என்றான். இறந்துவிட்டார் என்று கேட்டும் நான் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. "குடும்ப பென்ஷன்ல உம்மா பேரு, பொறந்த தேதி எல்லாம் சரியா இருக்கா மருமவனே?" என்று கேட்டுவிட்டேன். முப்பது வருடம் சம்பளப் பிரிவில் இருந்த மூளை வேறெப்படி வேலை செய்யும்? "எல்லாம் சரியா வச்சிட்டுத்தான் போயிருக்காக" என்று அவன் சொன்னதும் மூச்சு வந்தது. அப்புறம்தான் அழுதேன்.

எங்களோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். காவல்துறை அலுவலகத்தில் காக்கி போடாதவர்கள் நாம். வருடம் ஒருமுறை அவரவர் பணிப்பதிவேட்டைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். காவலர்களின் பதிவேட்டில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடித்துவிடும் நாம், நம்முடையதை மட்டும் படிக்காமலே 'பார்த்தேன், சரி' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். நம்ம பிரிவுதானே என்ற தெனாவெட்டு.

நான் ஓய்வுபெற ஆறு மாதம் இருக்கையில் என் ஓய்வூதியத் தாள்கள் ஏற்கப்படாமல் திரும்பி வந்தன. வள்ளியூர்ப் பக்கம் என் பெயரிலேயே இருந்த ஒரு காவலரின் எட்டு மாதத் தற்காலிகப் பணிநீக்கம் என் பதிவேட்டில் ஏறியிருந்தது. அதற்குக் கீழே வருடாவருடம் நானே 'சரி' போட்டிருக்கிறேன்! எழுதியவர் யாரென்று தெரியாவிட்டால் விசாரணை. அதுவரை ஓய்வூதியம் கிடையாது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். "எவம்லே இதை எழுதினான்?" என்று அலுவலகமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

எங்கள் பிரிவிலேயே இருந்த மைதீன் அண்ணாச்சி பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். "கத்தாதேயும் வே. நான்தான். என் கையெழுத்துதான் இது" என்றார். அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. எழுத்தில் கொடுத்தால் அவருடைய ஓய்வூதியம் நின்றுபோகும். பக்கத்து மேசைக்காரர், "பேசாம இரும் அண்ணாச்சி, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். "எனக்குத் தெரியும்லா" என்றார் அண்ணாச்சி. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கடிதம் அதிகாரி மேசைக்குப் போய்விட்டது.

எனக்கு உரிய நாளில் ஓய்வூதிய உத்தரவு வந்தது. அவருக்கு ஒரு எச்சரிக்கையோடு ஏழு மாதம் கழித்துத்தான் வந்தது. அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்த அன்று அவர் வீட்டு வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுதேன். "பைய வே, தெருவே பாக்குது" என்று சிரித்தார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மேலப்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சியின் மனைவி, எனக்கு மதினி, கணவரை இழந்தவர்கள் தனித்திருக்கும் இத்தாவில் இருப்பதால் திரைக்கு அந்தப் பக்கமிருந்து பேசினார். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு இது எதுவும் தெரியாது. "அரசாங்கம் தாமசம் பண்ணுதுன்னுல்லா எங்கிட்ட சொன்னாக! ஏழு மாசமும் நான் அரசாங்கத்தை ஏசாத ஏச்சு இல்லையே!" என்றவர் சிரித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அது அழுகையானது. எனக்கு மனசு லேசாகிவிட்டது.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒன்றுதான். இப்போதெல்லாம் தப்புச் செய்தால், யாரும் கேட்குமுன் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓய்வுபெற்றுவிட்ட எனக்கு அதனால் ஒன்றும் போகாது. தனக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னார்.