ஐந்து பலகைகளும் ஒரு வெங்காயப் பட்டறையும்

விவசாயிகளை வகை பிரிப்பது என்பது கல்யாணப் பந்தியில் யாரை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று தீர்மானிக்கிற மாதிரியான வேலை. எப்படி வைத்தாலும் யாராவது ஒருவருக்கு முகம் கோணும்.

என் தாத்தா கதை சொன்னால் ‘ஒரு ஊர்ல ஒரு விவசாயி’ என்று ஆரம்பிப்பார். என்ன வகை விவசாயி என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இப்போது புனேயில் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எல்லாச் சிறு விவசாயிக்கும் ஒரே யோசனையை நீட்டினால் பாதிப் பேருக்குப் பொருந்தாது. அதனால் நிலம், தண்ணீர், மாடு, வெளி வருமானம் எல்லாவற்றையும் விசாரித்து, ஒத்துப்போகிற பண்ணைகளை ஒரு வகையாகச் சேர்ப்போம். பிறகு எந்த வகைக்கு எது உதவும் என்று சோதித்துப் பார்ப்போம். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. வங்கியிலோ பள்ளிச் சேர்க்கையிலோ உட்கார்ந்து மனிதர்களைப் பெட்டி பெட்டியாக அடுக்குகிறவர் நீங்கள் என்றால், மேற்கொண்டு நான் புலம்பாமலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

மூன்று அடுப்பு, ஒரு எருமை

ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு பண்ணை. இது எங்கள் தொழிலின் முதல் விதி. ஷிரூர் பக்கம் ஒரு ஊரில் மூன்று அண்ணன் தம்பிகள் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். மூன்று வாசல், மூன்று அடுப்பு. நானும் தத்தாவும் மூன்று வீட்டிலும் உட்கார்ந்து, மூன்று தடவை டீ குடித்து, மூன்று பண்ணைகளைப் பதிவு செய்தோம். தத்தா எங்கள் நிலையத்தின் ஜீப் ஓட்டுநர். வழி சொல்வதும் அவர்தான், நான் வாயைத் திறக்குமுன் ஊராரிடம் பேச்சுக் கொடுத்து வைப்பதும் அவர்தான். மூன்று வீட்டிலும் ‘எருமை உண்டா?’ என்றேன். மூன்று பேரும் ‘உண்டு’ என்றார்கள். மூவரும் ‘கறவை மாடு உள்ளவர்கள்’ வகைக்குப் போனார்கள்.

கிளம்பும்போது கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். மூன்று வீட்டுக்கும் பொதுவாக ஒரு கொட்டகை, அதில் ஒரே ஒரு எருமை. பக்கத்தில் ஒரு கிணறு, ஒரு மோட்டார். தண்ணீருக்கும் பாலுக்கும் முறை வைத்திருக்கிறார்களாம். மூவரில் நடுவிலவரைக் கூப்பிட்டு, ‘அப்படியென்றால் நீங்கள் மூன்று பண்ணையா, ஒரு பண்ணையா?’ என்று கேட்டேன். மனிதர் நிஜமாகவே யோசித்தார். நான் மதராஸ்காரன் என்று தெரிந்ததும் புனேக்காரர்கள் வயது வித்தியாசம் பார்க்காமல் என்னை ‘அண்ணா’ ஆக்கிவிடுவார்கள். அறுபதைத் தாண்டியிருந்த அவரும் அப்படித்தான்.

“சமைக்கிறப்ப மூணு, கறக்கிறப்ப ஒண்ணு. நீங்க எந்நேரத்துக்கு வந்தீங்கன்னு பாத்து எழுதிக்குங்க அண்ணா.”

தலைகீழ் மரம்

விசாரித்ததையெல்லாம் கணினியில் ஏற்றினால் அது ஒரு படம் வரைந்து கொடுக்கும். மேலே ஒரு தண்டு, கீழே வரவரக் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் நுனிக்கு ஒரு பண்ணை. மரத்தைத் தலைகீழாக நட்டுவைத்த மாதிரி இருக்கும். குறுக்கே எந்த உயரத்தில் கோடு கிழிக்கிறோமோ அத்தனை வகை கிடைக்கும். எங்கள் தலைவர் மேதா மேடம் ஐந்து வகை வருகிற உயரத்தில் கிழித்தார். “ஆறு காட்டினா மீட்டிங்ல கொட்டாவி விடுவாங்க” என்று காரணமும் சொன்னார். அனுபவம் பேசுகிறது என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாம் வகை, வெங்காயத்தை நம்பி வாழ்கிறவர்கள். இந்த வகைக்குத்தான் கோடையில் சோதனைக்காகக் காற்றோட்டமான வெங்காயப் பட்டறைகள் கட்டித் தருவதாக இருந்தது. அங்கே அதைக் ‘காந்தா சாள்’ என்பார்கள்: தரையிலிருந்து உயர்த்திய மேடை, மூங்கில் சுவர், மேலே கூரை. அறுத்த வெங்காயத்தை அன்றைக்கே வந்த விலைக்குத் தள்ளிவிடாமல், மழைக்காலம் முடியும்வரை அழுகாமல் வைத்திருக்கலாம். நான்காம் வகைக்கு நாங்கள் வைத்த பெயர் ‘விவசாயத்தை விட்டுக்கொண்டிருப்பவர்கள்’. குடும்பத் தலைவர் சம்பள வேலைக்குப் போகிற வீடுகள் எல்லாம் அதில் விழுந்தன. அவர்களுக்குப் பட்டறை கிடையாது.

தத்தாவின் ஊரும் எங்கள் கணக்கில் இருந்தது. அவர் வீட்டில் அவர் மனைவி பதில் சொல்லியிருந்தார். தத்தா கணினித் திரையை எட்டிப் பார்த்து, “நம்ம பண்ணை எந்தக் கிளையில இருக்கு?” என்று கேட்டார். மேதா மேடம் தேடிப் பார்த்து, நான்காம் வகையைக் காட்டிப் பெயரையும் வாசித்தார். தத்தா கையில் ஜீப் சாவியைத் திருப்பிக்கொண்டே அந்த நுனியைப் பார்த்தார்.

“நான் விட்டது எனக்கே தெரியாம போச்சே மேடம்.”

வரப்பில் ஒரு கேள்வி

தத்தாவின் ஊருக்கு அடுத்த ஊர் சுனந்தாதாயியினுடையது. தாயி என்றால் மராத்தியில் அக்கா. கணவர் ராம்தாஸுக்கு ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்கவே நேரம் சரியாக இருக்கும். நாற்று விடுவது, ஆள் பிடிப்பது, மின்சாரம் வருகிற நேரம் பார்த்துத் தண்ணீர் பாய்ச்சுவது எல்லாம் தாயிதான். போன வருஷம் வெங்காயத்தை வீட்டுக்குப் பக்கத்தில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார். மழை அடித்த அடியில் அடிப்பக்கம் முழுக்க அழுகி, தெருவே நாறியதாம். இந்த வருஷமும் அப்படி ஆனால் நிலத்தை வேறொருவருக்கு விட்டுவிடலாம் என்று ராம்தாஸ் சொல்லிவிட்டார். தாயிக்கு அதில் இஷ்டமில்லை. வெங்காயத் தாள் சாயத் தொடங்கியிருந்தது. பிடுங்குவதற்குள் பட்டறை வருமா என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

நீங்கள் நான்காம் வகை, வராது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டார். குடும்பத் தலைவரின் தொழில் தொழிற்சாலை என்று பதிவாகியிருக்கிறது என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். களைக்கொத்தியில் ஒட்டியிருந்த மண்ணை வரப்பில் தட்டிவிட்டுத்தான் பேசினார்.

“அவர் வேலையை எழுதிட்டுப் போயிட்டீங்க, சரி. என் வேலையை எழுத எப்ப வருவீங்க அண்ணா?”

வாசப் பலகை

புனேயில் இருந்தாலும் எங்கள் வீட்டில் திருநெல்வேலித் தமிழ்தான். அம்மா தொலைபேசியில் சொந்தக்காரர்களிடம் “வயக்காட்டை ரகம் பிரிக்கான்” என்று என் வேலையை விளக்குவாள். இதைவிடச் சரியாக நானும் விளக்கியதில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது தாயி கேட்டதைச் சொன்னேன். குடும்பத் தலைவரை வைத்துத்தான் குடும்பத்தைப் பதிய முடியும், எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம் என்றும் சொன்னேன். அப்பா, “அது சரிதானே” என்று தயிரை ஊற்றிக்கொண்டார்.

அம்மா அப்பாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ரசத்தைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்.

“நம்ம வாசப் பலகையிலயும் உங்க அப்பா பேருதாம்ல இருக்கு. சிலிண்டர் தீந்தா பலகைக்கா தெரியும்?”

பலகைக்குக் கீழே

வகைகளை முடிவு செய்யுமுன் ஊராரிடமே காட்டி ஒப்புதல் வாங்குவது எங்கள் வழக்கம். கோயில் மண்டபச் சுவரில் ஐந்து பலகைகளை மாட்டுவோம். ஒவ்வொன்றிலும் ஒரு படம்: எருமை, வெங்காயம், கரும்பு, தொழிற்சாலைப் புகைபோக்கி, ஆட்டுக்குட்டி. குடும்பம் குடும்பமாக வந்து தங்களுக்குப் பொருத்தமான பலகைக்குக் கீழே நிற்க வேண்டும். தாயியின் ஊரில் அதைச் செய்த அன்று ராம்தாஸுக்கு வார விடுமுறை. பைக்கில் தாயியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்திறங்கினார். நேராகப் புகைபோக்கிக்குக் கீழே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தாயி நேராக வெங்காயத்துக்குக் கீழே போய் நின்றார்.

மண்டபத்தில் சிரிப்பு. யாரோ ஒருவர், “என்ன ராம்தாஸ், வீட்ல சண்டையா?” என்று கேட்டார். ராம்தாஸ் காது சிவந்து, “இங்க வா” என்று கையசைத்தார். “நீங்க வேணா இங்க வாங்க” என்றார் தாயி. மேதா மேடம் எழுந்து, “தாயி, ஒரு குடும்பம் ஒரு பலகைக்குக் கீழதான் நிக்கணும்” என்று பொறுமையாக விளக்கினார். தாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார், ஆனால் நகரவில்லை. அதற்குள் புகைபோக்கிக் கூட்டத்திலிருந்து இன்னொரு பெண் வெங்காயத்துக்கு நடந்தாள். பிறகு இன்னொருத்தி. பின்னால் டீத் தட்டோடு நின்ற தத்தா, தட்டை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று தெரியாமல் நடுவில் நின்றுவிட்டார். மேடம் மறுபடி வாயைத் திறக்குமுன் தாயி முந்திக்கொண்டார்.

“அவர் சம்பளத்துக்கு அங்க நிக்கட்டும், நான் வெங்காயத்துக்கு இங்க நிக்கிறேன். திரும்பிப் போறப்ப ஒரே வண்டியிலதான் போவோம் மேடம்.”

கொட்டாவி வந்தாலும் பரவாயில்லை

திரும்பி வரும்போது மேதா மேடம் ஜீப்பில் கேள்வித்தாளைப் புரட்டிக்கொண்டே வந்தார். புனே எல்லையில் வாகோலி நெரிசலில் நின்றபோது, “குடும்பத் தலைவர் என்ன தொழில்ங்கிற கேள்வியை எடுத்துடு. வயல்ல அன்னன்னைக்கு முடிவெடுக்கிறது யாருன்னு கேட்டுட்டு வா” என்றார். நானும் தத்தாவும் நான்காம் வகை வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனோம். மறுபடி டீ. கணினி மறுபடி மரத்தைத் தலைகீழாக நட்டது. இந்தத் தடவை புகைபோக்கிக் கிளை இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம், நிஜமாகவே நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டவர்கள். மறுபக்கம், வீட்டுக்காரர் சம்பளத்துக்குப் போக, வீட்டுக்காரி விவசாயம் பார்க்கிற பண்ணைகள். ஆக ஆறு வகை.

மேடம் மேலிடத்தோடு தொலைபேசியில் போராடியதில் ஆறாவது வகைக்கு ஒரே ஒரு பட்டறை கிடைத்தது. யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போடப் போனோம். பெண்கள் வேண்டாம் என்றார்கள். சுனந்தாவின் நிலம் மேடு, தண்ணீர் நிற்காது, அங்கேயே கட்டுங்கள், நாங்கள் எல்லோரும் அதிலேயே வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒரு பண்ணைக்கு ஒரு பட்டறை, அப்போதுதான் வைத்த வெங்காயத்தின் எடை எவ்வளவு குறைகிறது என்று ஒப்பிட முடியும் என்று நான் மெல்லிய குரலில் எடுத்துச் சொன்னேன். என் குரல் எப்போதுமே மெல்லியதுதான். அன்றைக்கு அது வசதியாக யார் காதிலும் விழவில்லை. மேடம் என் பக்கம் திரும்பினார்.

“கட்டச் சொல்லு. கொட்டாவி விடறவங்க விடட்டும்.”

ஐந்தாவது தடுப்பு

மழைக்காலம் கழிந்து எடை போடப் போனோம். அந்த வருஷ மழை லேசான மழையில்லை. வழியில் ஓடைகள் பாதையை அரித்திருந்தன. உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் போனேன். தாயி படலைத் திறந்து ஒரு வெங்காயத்தை எடுத்து என் கையில் வைத்தார். தோல் சலசலத்தது. மூக்கருகே கொண்டுபோனேன்; வெங்காய வாசனைதான், வேறு நாற்றம் இல்லை. முதலில் பேசியது ராம்தாஸ்தான். அடுத்த நாற்றுக்குப் பாத்தி கட்ட அவரே லீவு போட்டிருப்பதாக, கேட்காமலே இரண்டு தடவை சொன்னார். நிலத்தை வேறு யாருக்கும் விடுகிற பேச்சே வரவில்லை.

உள்ளே நான்கு பெண்களின் வெங்காயம், நடுவில் மூங்கில் தடுப்பு, ஒவ்வொரு தடுப்பிலும் அடையாளத்துக்கு ஒரு பழைய புடவைக் கிழிசல்: சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். ஒவ்வொன்றாக எடை போட்டுக்கொண்டே மூலைக்குப் போனால், அங்கே ஐந்தாவதாக ஒரு சின்னத் தடுப்பு. அதில் கட்டியிருந்தது புடவைத் துணியில்லை, காக்கி. எங்கேயோ பார்த்த காக்கி. எங்கள் ஜீப்பின் பழைய சீட் உறை! தாயி வாயைப் பொத்திக்கொண்டு, “இடம் இருந்துச்சு, நான்தான் கொண்டாரச் சொன்னேன்” என்றார். திரும்பிப் பார்த்தேன். தத்தா தராசை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“விவசாயத்தை நான் விட்டுட்டேன்தான் அண்ணா. வெங்காயம்தான் என்னை விடமாட்டேங்குது.”

ஆறாவது வகைக்கு என்ன பெயர் வைப்பது என்று இன்னும் நாங்கள் முடிவு செய்யவில்லை. அதற்குள் ஏழாவது வகை ஜீப்பை ஓட்டிவந்து என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது.