தெருவில் நின்று சொன்ன ரிசல்ட்

இந்த ஊரில் நோயை வாசலில் கட்டி வைக்கிறார்கள். கப்பலேறி வந்து வில்லாபுரத்தில் குடிசை போட்ட முதல் பங்குனியில், எதிர் வரிசை வீடொன்றின் நிலையில் வேப்பங்குலை செருகியிருந்ததைப் பார்த்தேன். ஏதோ விசேஷம் என்று நினைத்துச் சிரித்தபடி படியில் கால் வைத்துவிட்டேன். உள்ளிருந்து ஒரு பெண், "அங்கனயே நில்லுங்க. வேப்பங்கொழையப் பாத்துமா உள்ள வாரீக? பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி அதைக் கேட்டுவிட்டு, "சிலோன்காரம்மாவுக்கு அதுகூடத் தெரியலடி" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தேன்.

சிலோன் மலைத் தோட்டங்களில் இன்னும் இருக்கிறவர்களுக்கு இது விளங்கும். லயத்து வரிசை வீடுகளில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு மேல் சிவந்தால், முதல் வேலையாகக் கதவைச் சாத்துவோம். கங்காணிக்குத் தெரிந்தால் மருந்துக்காரரிடம் சொல்லிவிடுவார். பிள்ளையை ஆற்றோர நோய்க் கொட்டகைக்குத் தூக்கிப் போவார்கள். காலையில் பேர் கூப்பிட்டு வேலை கொடுக்கிற பிரட்டில் பெற்றவர்கள் பேரும் வெட்டுப்படும். என் தம்பியை அப்படித்தான் கம்பளியில் சுற்றித் தூக்கிப் போனார்கள். கம்பளி மட்டும் திரும்பி வந்தது. பிறகு மண்டபத்து முகாமில் இறங்கி வரிசையில் நின்றபோதும், காய்ச்சல்காரப் பிள்ளைகளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டுதான் நின்றோம். மறைக்கிறது எங்களுக்குப் பழகிவிட்டது.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சு வரைக்கும் படித்தவள். அந்தப் படிப்பைக் கேட்டுத்தான் மேரி டீச்சர் என்னை அவர்கள் நடத்திய ஆரம்பப் பள்ளியில் ஆயாவாக வைத்துக்கொண்டார்கள். மணி அடிப்பேன், பானையில் தண்ணீர் நிரப்புவேன், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தி விடுவேன். யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். என் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கும் என்று கூச்சம்.

நான் சேர்ந்த மூணாவது வருஷம், முழுப் பரீட்சைக்கு நாள் குறித்த பிறகு ஊரெங்கும் மணல்வாரி அம்மை வந்தது. முதலில் இரண்டு பிள்ளைகள் வரவில்லை, அப்புறம் ஒரு பெஞ்சு, அப்புறம் ஒரு வரிசை. தெருவுக்குத் தெரு வேப்பங்குலை தொங்கியது. ஒரு காலையில் மணி அடித்துவிட்டுப் பார்க்கிறேன், அஞ்சாம் வகுப்பில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பானையில் பாதிதான் தண்ணீர் நிரப்பினேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பரீட்சை இல்லை, அரைப் பரீட்சை மார்க்கை வைத்துப் பாஸ் போடுவது என்று டீச்சர் முடிவு செய்தார்கள். சுகமான பிள்ளைகள் பள்ளிக்கு வந்து மார்க் அட்டை வாங்கிப் போகலாம். அம்மை கண்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு நாங்களே போய்ச் சொல்ல வேண்டும்.

அம்மை போட்ட வீட்டில் எதையும் கையில் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அதனால் டீச்சர் தெருவில் நின்று, அட்டையை விரித்து, பேரையும் வகுப்பையும் படித்துப் பாஸ் என்று உரக்கச் சொல்வார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அட்டை மறுபடி பைக்குள் போய்விடும், அம்மை இறங்கி மூன்றாம் தண்ணி ஊற்றின பிறகு வந்து வாங்கிக்கொள்ள வேண்டியது. ஒரு வீட்டில் குலைக்குப் பின்னாலிருந்து ஒரு பையன், "டீச்சர், எத்தனாவது ரேங்கு?" என்றான். அவன் அம்மா, "மேலெல்லாம் மணலாக் கொட்டிக் கெடக்கு, தொரைக்கு ரேங்கு வேணுமாக்கும்" என்றாள். டீச்சர் சிரித்தார்கள். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் குலையை எடுத்துவிட்டிருந்தார்கள், கதவு பூட்டியிருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் வீடு. பக்கத்தில் ஒருவர் வந்து டீச்சரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். டீச்சர் அந்த அட்டையை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். நானும் நடந்தேன். அழுகை வரவில்லை. வெயில் தலையில் இறங்கியது மட்டும் நினைவிருக்கிறது.

கடைசியாக எங்கள் வரிசைக்கு வந்தோம். என் குடிசைக்கு அடுத்தது புஷ்பத்தின் குடிசை. நானும் அவளும் ஒரே கப்பலில் வந்தவர்கள். அவள் மகள் வசந்தா அஞ்சாம் வகுப்பு, ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்குப் போக வேண்டியவள். மூணு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. கதவு சாத்தியிருந்தது. வாசலில் குலை இல்லை.

"இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயாம்மா?" என்று டீச்சர் கேட்டார்கள்.

எனக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் தட்டி மறைப்புக்கு அப்பால் அந்தப் பிள்ளை முனகுவதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று புஷ்பம் என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"தெரியல டீச்சர்."

"அம்மைன்னா அம்மைன்னு எழுதிப் பாஸ் போட்ருவேன். சொல்லாமக் கொள்ளாம நின்ன பிள்ளைக்கு நான் என்னத்த எழுத? பேரத்தான் அடிக்கணும்" என்று பேனா மூடியைத் திறந்தார்கள்.

குடையை டீச்சர் கையில் கொடுத்துவிட்டுக் குழாயடி வேப்பமரத்துக்குப் போனேன். எட்டின கிளையில் ஒரு கொத்து ஒடித்து வந்து, புஷ்பத்தின் வாசல் கூரையில் செருகினேன். டீச்சர் என்னைப் பார்த்தார்கள். பேனாவை மூடினார்கள். பிறகு மற்ற வீடுகளில் சொன்ன மாதிரியே, "வசந்தா, அஞ்சாம் வகுப்பு, பாஸ்" என்றார்கள்.

உள்ளேயிருந்து புஷ்பத்தின் குரல் மட்டும் வந்தது. "நீங்களே காட்டிக் குடுத்திட்டீங்களேக்கா."

பிள்ளையைத் தூக்கிப் போக வண்டி வரும் என்று மூணு நாள் அவள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வண்டி வரவில்லை. எதிர்வீட்டுக்காரி இளநீர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "மொதல்லயே கொழையக் கட்டியிருந்தா நாங்க பாத்துக்கிற மாட்டமா? வேதக்கார டீச்சருக்கே தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிப் போனாள். வசந்தா தேறினாள். புஷ்பம் என்னோடு பேசவில்லை. குழாயடியில் என் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டுத் தன் குடத்தை வைப்பாள், அவ்வளவுதான்.

கோடை லீவில் டி.சி. வாங்க டீச்சர் வரச் சொன்னார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவள் என்பதால் புஷ்பம் வசந்தாவைக் கூட்டிக்கொண்டு கைநாட்டு வைக்க வந்தாள். நான் அறையின் ஓரத்தில் பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். டீச்சர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்கள். சொந்த ஊர் என்ற இடத்தில் பேனா நின்றது. புஷ்பம் எங்கள் தோட்டத்தின் பேரைச் சொன்னாள்.

"அது அந்த நாட்டுலதானம்மா இருக்கு. இங்க, ஒங்க தாத்தா பாட்டன் ஊரு?"

"மதுரை ஜில்லான்னுதான் பாஸ்போட்டுல இருக்குங்க. ஊர் பேர் எங்கப்பாவுக்கே தெரியாது."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த நாளுக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தாள். நான், "உசிலம்பட்டின்னு எழுதிக்கிருங்க டீச்சர்" என்றேன்.

"அது உங்க ஊராச்சேக்கா" என்றாள் புஷ்பம்.

டீச்சர் எழுதிவிட்டார்கள். என் ஊர் என்று சொல்வது சுலபம். வந்த வருஷம் ஒரே ஒரு தடவை அங்கே போய், சந்தைப்பேட்டைப் பக்கம் என் பாட்டனார் பேரைச் சொல்லி விசாரித்தேன். "இம்புட்டு வருசமா எங்கேத்தா இருந்தீக?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அந்தப் பேரில் யாரையும் அவருக்குத் தெரியவில்லை. மோர் வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூணு பேரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். புஷ்பம் பத்தடி முன்னால் போனாள். வசந்தா அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்தாள். சொந்த ஊர் வந்ததும் நிறுத்தினாள்.

"பெரியம்மா, அந்த ஊர்ல நமக்கு வீடு இருக்கா?"

முன்னால் போன புஷ்பம் திரும்பவில்லை. ஆனால் நடையைக் குறைத்தாள், நான் சொல்லப்போவதைக் கேட்க.

"பஸ்ல போனா ஒன்றரை மணி நேரந்தான்" என்றேன்.