கூடத்துக்கு மேலே ஒரு திறப்பு

திருவொற்றியூரில் மகன் கட்டிய புது வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் இல்லை. கூடத்துக்கு மேலே மாடி வரை பெரிய திறப்பு. காற்று போய்வரும் என்றார் இன்ஜினியர். கருவாட்டு வாடையும் மேலே போகும் என்று சொல்லவில்லை.

என் பிரஷருக்காக டாக்டர் கருவாட்டை நிறுத்தியிருந்தார். மருமகள் மாடிக்குப் போன நேரம் பார்த்து நாலு துண்டு வாளைக் கருவாடு வறுத்தேன். திறப்பில் அவள் தலை தெரிந்தது.

"அத்தே, இன்னா வறுத்துகினு கீறீங்க?"

"நான் இல்லம்மா, பக்கத்து வூட்டு வாடை."

"பக்கத்து வூடு பூட்டி ரெண்டு நாளாச்சி. உங்க புள்ளகிட்ட சொல்லட்டா?"

கரண்டியோடு கூடத்துக்கு வந்தேன். தெருவில் காய்கறி வாங்க இறக்கும் கயிற்றுக் கூடை, திறப்பு வழியாக என் முன்னால் இறங்கியது.

"ரெண்டு துண்டு போடுங்க. சொல்லமாட்டேன்."

போட்டேன். இரண்டும் சதையில்லாத வால் துண்டு.