மணி அடித்த பிறகுதான் வகுப்பு

மலேசியாவின் கிள்ளானிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. இதுவரை ஒருவர்கூட என்னிடம் 'முடியாது' என்று சொன்னதில்லை. குழாய் ரிப்பேர்க்காரரை எத்தனை முறை கூப்பிட்டாலும் "இதா வாரேனுங்க" என்பார். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. வரமாட்டேன் என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேனே என்று நான் குதித்தபோது, கோபிசெட்டிபாளையத்துக்காரரான என் கணவர் செந்தில் சமாதானம் சொன்னார்: "மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னா உனக்குச் சங்கடமா இருக்குமில்ல அம்மணி? அதுக்காவத்தான்." எனக்கொன்றும் சங்கடமில்லை, குழாயடியில் வைத்த வாளிக்குத்தான். கிள்ளானில் இருக்கும் நீங்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். நம் ஊர்க் குழாய்க்காரர் "தா போலே லா, முடியாது" என்று படக்கென்று போனை வைத்துவிடுவார். கோபம் வரும், ஆனால் அன்றைக்கே வேறு ஆள் வந்துவிடுவார்.

சரவணம்பட்டியில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு 'உலகக் குடியுரிமை' என்று ஒரு பாடம் எடுக்கிறேன். உலக விவகாரங்களைப் பிள்ளைகள் தாங்களாக யோசிக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், ஆசிரியரே சொன்னாலும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அதுதான் பாடம். உலகக் குடிமக்களை உருவாக்குகிற நானோ விசாவைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கிற ஆள். அது கிடக்கட்டும். கிள்ளானில் என் அப்பா 'மாமாக்' எனப்படும் தமிழ் முஸ்லிம் டீக்கடையில் ஒரு தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு உலகத்தையே பிரித்து மேய்வார். எதிரே இருப்பவர் ஒத்துக்கொண்டால் அவருக்கு முகம் வாடிவிடும். உடனே கட்சி மாறி, இவ்வளவு நேரம் தான் பேசியதையே எதிர்த்துப் பேசத் தொடங்குவார். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு ஒரு வகுப்பை விவாதிக்க வைப்பது என்ன பெரிய காரியம் என்று நினைத்திருந்தேன்.

முதல் விவாதத்துக்கு மலிவு விலைத் துணி உலகத்துக்கு நல்லதா, கெட்டதா என்று தலைப்புக் கொடுத்தேன். நல்லது என்று பேச வேண்டிய கவின் எழுந்தான். "எதிரணி சொல்லப்போறது ரொம்பச் சரிங்க" என்றான். எதிரணி இன்னும் வாயே திறக்கவில்லை. எதிரணித் தலைவி தரணிகா எழுந்து, "அவங்க சொன்னதும் சரிதானுங்க மிஸ்" என்றாள். விவாதம் முடிந்தது. இரண்டு அணியும் ஒரே டப்பாவிலிருந்து தேங்காய் பன்னைப் பிட்டுத் தின்றன. எனக்கு வெறி வந்துவிட்டது. எப்படியாவது என்னை மறுக்க வைக்க வேண்டும் என்று, பருத்தி நிலக்கடலை மாதிரி மண்ணுக்கடியில் விளைகிறது என்று அடித்துவிட்டேன். பாதிப் பேர் தோட்டம் உள்ள வீட்டுப் பிள்ளைகள். "சரிங்க மிஸ்" என்று எழுதியும் கொண்டார்கள்.

மணி அடித்து நான் வெளியே வந்ததும் தரணிகா பின்னாலேயே வந்தாள். "ஏனுங்க மிஸ், தப்பா நெனச்சுக்காதீங்க. பருத்தி செடிமேலதானுங்க வெடிக்கும்." ஏன் வகுப்பிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க அசலூருல இருந்து வந்தவங்க. எல்லாரு முன்னாடியும் சொன்னா உங்க மனசு சங்கடப்படுமில்லீங்க? சொல்லலாமா வேண்டாமான்னு நாங்களே பேசி, அப்புறம்தான் என்னய அனுப்புனாங்க." நான் நடத்த ஆசைப்பட்ட விவாதத்தை, நான் இல்லாமல், என்னைப் பற்றியே நடத்தி முடித்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் பள்ளியில் ஒரு பேச்சு கிளம்பியது. இந்தப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடலாமே என்று. தாளாளர் ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்வார் என்றார்கள். பீரியட் போனால் என் வேலையும் போகும். வேலை போனால் கிள்ளானுக்கே குடிபெயர்வது என்று செந்திலும் நானும் பேசி வைத்திருந்தோம். என் அண்ணன் அங்கே ஒரு பள்ளியில் சொல்லியும் வைத்திருந்தார். வந்த புதிதில் என்றால் சந்தோஷமாக மூட்டை கட்டியிருப்பேன். இப்போது ஏனோ மனம் வரவில்லை. ஒழுகுகிற குழாயின் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வருமா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது.

தாளாளர் பனியன் ஏற்றுமதி செய்கிறவர். எல்.கே.ஜி. பிள்ளையைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். அவர் பின் பெஞ்சில் உட்கார, நான் ஒரு டி-ஷர்ட்டைத் தூக்கிக் காட்டி, "இது இவ்வளவு மலிவாகக் கிடைக்க வேண்டுமானால் யார் எதை இழக்கிறார்கள்?" என்று கேட்டேன். எல்லோரும் பதிலை எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தார்கள். பிள்ளைகளுக்கு உதவுவதாக நினைத்துத் தாளாளரே எழுந்தார். "நம்ம பக்கம் எல்லாஞ் சரிபண்ணியாச்சுங்க. சாயத்தண்ணியும் சுத்தம், வேலை செய்யறவங்களுக்கும் ஒரு கொறையுமில்லீங்க." அதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று வகுப்பிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். "சரிங்க சார்" என்று ஒரே குரலில் பதில் வந்தது. மணி அடித்தது. மனதுக்குள் நான் பெட்டி அடுக்கத் தொடங்கினேன்.

கோபியில் மாமியார் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஒன்று கவனித்திருக்கிறேன். காப்பி குடிப்பார்கள், மழை பெய்ததா என்று விசாரிப்பார்கள், வாழை என்ன விலை போகிறது என்பார்கள். வந்த விஷயம் மட்டும் வாயில் வராது. "போயிட்டு வாரேனுங்க" என்று எழுந்து, செருப்பு மாட்டி, வண்டிக் கதவைத் திறந்த பிறகுதான் "அப்புறமுங்க..." என்று ஆரம்பிப்பார்கள். கல்யாணம், பாகப்பிரிவினை எல்லாம் அங்கே நின்றபடிதான் பேசி முடியும். நம் ஊரில் "ஜாலான் டுலு, கிளம்பறேன்" என்றால் அடுத்த நிமிடம் ஆளைக் காணோம். முதல் வருடம் நான் கொசுக்கடியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

தாளாளரை வழியனுப்பக் கார்வரை போனேன். வகுப்பும் கூடவே வந்தது, அது மரியாதை. கவின் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். அவன் அப்பா தாளாளருக்குத் தைத்துக் கொடுக்கிற சின்னத் தையல் யூனிட் வைத்திருக்கிறார். "அப்புறமுங்க சார், தப்பா நெனச்சுக்காதீங்க. வெளிநாட்டுக்காரங்க வெலையக் கொறச்சா நீங்க எங்கப்பாவுக்குக் கொறச்சுப்போடறீங்க. எங்கப்பா யாருக்குங்க கொறைக்கறது?" தாளாளர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்தது தரணிகா. "வடக்கிருந்து வந்து வேலை செய்யறவங்களுக்குக் கொறையில்லைன்னீங்க. அவங்க பிள்ளைங்க எங்கீங்க படிக்கறாங்க? நம்ம பள்ளிக்கூடத்துல ஒருத்தருங்கூட இல்லீங்களே?" பின்னாலிருந்து இன்னொரு குரல், "சுத்தம் பண்ணுன தண்ணிய நாங்க ஒருக்கா வந்து பாக்கட்டுங்களா?" டிரைவர் எஞ்சினைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். பிள்ளைகள் அவ்வளவு பணிவாகக் கேட்டதில் தாளாளருக்குக் கோபப்படவும் வழியில்லை. நான் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்படி ஒரு பெருமை. கடைசியில் அவர், "இதுக்கெல்லாம் யோசிச்சுத்தானுங்க சொல்லோணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தப் பீரியடு விசயம்... பாக்கலாமுங்க மிஸ்" என்று ஏறிப் போனார்.

பாக்கலாமுங்க என்றால் இந்த ஊரில் முடியாது என்று பொருள். அதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். செந்தில் பதறாமல் ஒரே கேள்வி கேட்டார்: "எங்க வெச்சுச் சொன்னாரு?" கார்க் கதவு பக்கத்தில் என்றேன். "அப்ப நெசமாவே பாப்பாரு. உக்காந்துக்கிட்டுச் சொன்னாத்தான் இல்லேன்னு அர்த்தம்."

அடுத்த வாரம் புது டைம்டேபிள் வந்தது. பாடம் போகவில்லை, கடைசிப் பீரியடுக்கு மாறியிருந்தது. மணியடித்த பிறகு பிள்ளைகள் நின்று பேச வசதியாக இருக்கட்டும் என்று தாளாளரே சொன்னாராம். இப்போது தினமும் ஸ்கூல் பஸ் தாமதமாகத்தான் கிளம்புகிறது. தண்ணீரைப் பார்க்கவும் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். தேதி மட்டும் இன்னும் "சொல்றேனுங்க" என்ற நிலையில் இருக்கிறது.

விஷயத்தைச் சொல்ல அண்ணனுக்குப் போன் செய்தேன். "வேலை நெலச்சிருச்சு, சரி. அப்ப இங்க திரும்பி வர்றியா, வரலியா? நேரா சொல்லு லா" என்றார். நேராகச் சொன்னால் அவர் மனசு சங்கடப்படும். "பாக்கலாமுங்கண்ணா" என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. "சரி, வைக்கிறேன்" என்றார். நான் போனோடு வாசல் கேட்டருகே போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம்ண்ணா..." என்று ஆரம்பித்தேன். அவர் கிள்ளான்காரர், அதற்குள் வைத்துவிட்டிருந்தார்.