அடிக்கோடு முன்னால் வந்த படங்கள்

கல்யாண வீடுகளில் படம் எடுத்து எடுத்து இடுப்பொடிந்தவன் நான். இப்போதெல்லாம் கேமராவைத் தூக்கினாலே அலுப்பு. அலுப்போடு செய்யும் வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கீழவைப்பார்க் கல்யாணம் ஒன்றில் தெரிந்துகொண்டேன்.

அன்று காலை பெண் வீட்டில், அவள் கட்டியிருந்த அரக்குப் பட்டின் நிறம் எனக்குத் திருப்தியாக விழவில்லை. அச்சில் நிறம் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஆல்பம் அச்சடிப்பவர் எப்போதோ சொன்னதை நம்பி, கேமராவில் நிறங்களின் வீச்சைக் கூட்டிக் குறைக்கும் கலர் ஸ்பேஸ் அமைப்பை மாற்றினேன். மாதா கோயிலுக்குப் போனதும் அந்தப் படங்கள் போனில் வெளிறித் தெரிந்தன. பழையபடி திருப்பி வைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

அந்த அமைப்பை மாற்றினால் கேமரா கோப்பின் பெயரையும் மாற்றிவிடும். டிஎஸ்சி என்ற மூன்றெழுத்துக்குப் பின்னால் வரும் அடிக்கோடு, முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். இது தெரியாதவனா நான்? ஆனால் கார்டில் வீடியோவும் கண்டதும் கலந்து கிடந்தன. அன்று ராத்திரி அலுப்பில், கம்ப்யூட்டரின் தேடும் பெட்டியில் வழக்கம்போல டிஎஸ்சி, அப்புறம் அடிக்கோடு என்று அடித்து, வந்ததை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு கார்டை அழித்தேன். மறுநாள் இன்சூரன்ஸ்காரர்களுக்காகத் துறைமுகத்தில் நசுங்கிய கண்டெய்னர்களைப் படமெடுக்க அதே கார்டைப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் கடைக்கு வந்தாள். அவள் அப்பா திடீரென நெஞ்சுவலியில் இறந்திருந்தார். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கக்கூட நாங்கள் இன்னும் உட்காரவில்லை. கோயிலுக்குக் கிளம்பும் முன் அவள் முழங்காலிட, அப்பா நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்தாரே, அந்தப் படம் வேண்டும் என்றாள். தேடினேன். வீட்டில் எடுத்த ஒன்றுகூட இல்லை; அடிக்கோடு முன்னால் போன பெயர்கள் அன்றைய தேடலில் சிக்கவேயில்லை. அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டேன்; கண்டெய்னர்களாகவே வந்தன. வெட்கமாக இருந்தது. முழுக்க என் தப்பு என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. கோயிலில் எடுத்த படங்களில் அப்பா நிற்பதைக் காட்டினேன். சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பா சிலுவ போடும்போ நான் தலையக் குனிஞ்சிருந்தேன் அண்ணாச்சி. மொகத்தப் பாக்கல. போட்டோவுல பாத்துக்கிடலாம்னு இருந்தேன். நீங்க நேரா நின்னியள்லா, அப்பா அழுதாவளா?"

"ஆமா தாயி, அழுதாவ," என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். படமெடுக்கும்போது என் கண் அந்தப் பட்டின் நிறத்தில்தான் இருந்தது; அவர் முகத்தை நானும் பார்க்கவில்லை.